ஸ்கிரீன் எங்களுக்காக நிக்கட்டும்

ஒரு வீடியோ ஓடி முடிஞ்ச பிறகு என்ன நடக்க வேணும்?

வீட்டில் என்றால் இது ஒரு கேள்வியே இல்லை. முடிஞ்சால் முடிஞ்சது. இல்லாவிட்டால் அடுத்தது தானாக ஓடும், நாங்கள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் தவக்கால வெள்ளிக்கிழமை, கோயில் நிறையச் சனம், சிலுவைப் பாதையின் பன்னிரண்டாம் தலம், எல்லாரும் முழங்காலில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயேசு உயிர் விடுகிற காட்சி முடிகிறது. அடுத்த நொடி ஸ்கிரீனில் என்ன தெரிய வேணும்? நாலு பதில் இருக்கு. கடைசிக் காட்சி அப்படியே உறைந்து நிற்கலாம். ஸ்கிரீன் கறுப்பாகலாம். வீடியோ முதலிலிருந்து திரும்ப ஓடலாம். அடுத்த வீடியோவுக்குத் தாவலாம்.

மென்பொருளுக்கு இது ஒரு சின்னப் பெட்டி. டிக் போட்டால் ஒன்று, போடாவிட்டால் மற்றது. ஆனால் அந்த டிக்கைப் போடுகிறவர்தான் அந்த இடத்தில் சனத்தின் மௌனம் எவ்வளவு நீளம் என்று முடிவு செய்கிறார். பாதர் இல்லை, பாடகர் குழுவும் இல்லை. லெப்டொப்புக்கு முன்னால் இருக்கிற ஆள்.

எங்கள் கோயிலில் அந்த ஆள் நாங்கள்தான்.

நாங்கள் என்றால் நாலு பேர். புத்தளம் மாவட்டக் கரையில், சிலாபம் மறைமாவட்டத்துக்குள் வருகிற ஒரு மீன்பிடிக் கிராமம். மூன்று பேர் கெம்பஸில் கலைப்பீடம். நாலாவது ஆள் அப்பாவோட போட்டில் போகிறவன், எங்களை விட அவனுக்குத்தான் வயர் எல்லாம் அத்துப்படி. வென்னப்புவ, மாரவில பக்கம் மாதிரியே எங்கள் ஊரிலிருந்தும் இத்தாலிக்குப் போனவர்கள் நிறையப் பேர். அந்த அண்ணாமார், அக்காமார் சேர்த்து அனுப்பின காசில்தான் புரொஜெக்டர் வந்தது. வந்த அன்றே எங்களுக்கு 'மல்டிமீடியா டீம்' என்று பெயரும் வந்துவிட்டது. "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்குக் கொம்பியூட்டர் எங்க விளங்கப் போகுது" என்று சிரிச்ச அங்கிள்மாரும் இருந்தார்கள். உண்மையில் இந்த வேலையில் கொம்பியூட்டர் விளங்க வேண்டிய பங்கு குறைவு. ஒரு கூட்டம் எப்பப் பாடி முடிக்கும், எப்ப அழும், எப்ப மூச்சு வாங்கும் என்று பார்க்கத் தெரிய வேணும். அது கொஞ்சம் ஆர்ட்ஸ் வேலைதான்.

*

கோயிலுக்குள் ஸ்கிரீன் இருப்பது இப்போது எங்களுக்கு மின்விசிறி இருப்பது மாதிரி. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு காலத்தில் இதை முற்றாகத் தடுத்திருந்தது தெரியுமா? 1958 செப்டம்பர் 3 அன்று, திருவழிபாட்டு இசை பற்றி வத்திக்கானிலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. கிராமஃபோன், வானொலி, டேப் ரெக்கோடர் மாதிரித் தானாக இசைக்கிற கருவி எதையும் வழிபாட்டில் பயன்படுத்தக்கூடாது என்று அது சொன்னது. புரொஜெக்டரையும் விடவில்லை. கோயிலுக்குள் எந்த நல்ல காரணத்துக்காகவும் படம் காட்டக்கூடாது என்று அதற்கும் கதவை மூடினது. அந்தப் பத்தியை இன்றைக்கு அப்படியே அமல்படுத்தினால் நாங்கள் நாலு பேரும் வேலை இல்லாமல் வெளியில் நிற்போம்.

முதலில் வாசிச்சபோது சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசிச்சுப் பார்த்தால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கு. கோயிலில் கூடுகிறவர்கள் கேட்க வருகிற ரசிகர்கள் இல்லை. செபிக்கிறதும் பாடுகிறதும் அவர்களுடைய வேலை. அந்த வேலையை ஒரு டேப் செய்துவிட்டால் அவர்கள் சும்மா இருக்க வேண்டியதுதான்.

பிறகு காலம் மாறினது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுச் சட்டத்தை வெளியிட்டு, லத்தீனோடு சனத்தின் மொழிக்கும் இடம் கொடுத்தது. சனம் எல்லாரும் பங்கெடுக்க வேணும் என்றது. அதே சட்டம் உரிய இடங்களில் மௌனம் காக்க வேணும் என்றும் சொன்னது. 1973இல் சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டியில், ஆயர் பேரவைகளின் விதிகளுக்கு அமைய, பதிவு செய்த இசைக்கும் அனுமதி வந்தது. அதற்குப் பிறகு கேசெட், சிடி, பென் டிரைவ், இப்போது லெப்டொப்.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த மாற்றம் இரண்டு அடியாக விழுந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும், எங்களுக்குக் கிட்ட நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியவிலும், மட்டக்களப்பிலும் கோயில்களுக்குள் குண்டு வெடிச்சது. அடுத்த ஞாயிறு கோயில்கள் மூடியே கிடந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் நிறைவேற்றின பூசையை டீவியில்தான் பார்த்தோம். ஒரு வருசம் கழித்துக் கொரோனா, ஊரடங்கு, போனில் பூசை. பூசை என்பது 'பிளே' பண்ணக்கூடிய ஒரு சாமான் என்று எங்கள் கைவிரல்கள் பழகினது அந்தக் காலத்தில்தான். பூசை நடக்கும்போது சத்தத்தைக் குறைச்சோம், நடுவில் நிப்பாட்டித் தேத்தண்ணி போட்டோம். கோயில் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் மனசில் கொஞ்சம் மிச்சமாக இருக்கு. ஸ்கிரீனும் அதோடு கூடவே உள்ளே வந்தது.

*

இனி எங்கள் தொழில் இரகசியங்கள். உங்கள் ஊர்க் கோயில், பள்ளி, சபை எங்கேயாவது இதே வேலை செய்கிறீர்கள் என்றால் உதவும்.

பவர்பொயின்ட்டில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு அதைத் தொட்டால் மேலே 'பிளேபக்' என்று ஒரு பட்டி வரும். அங்கேதான் எல்லாம் இருக்கு. எப்பத் தொடங்க வேணும் என்பதற்கு மூன்று வழி: வரிசையில் அடுத்த கிளிக்குக்கு, அல்லது ஸ்லைடு வந்த உடனே தானாக, அல்லது வீடியோ மேலேயே கிளிக் பண்ணினால் மட்டும். கோயிலுக்கு நாங்கள் கிளிக்குக்குத்தான் வைப்போம். பாதரின் பிரசங்கம் எப்ப முடியும் என்று பாதருக்கே தெரியாது. தானாகத் தொடங்குகிற வீடியோ அவர் வாயைக் கட்டிப்போடும்.

முடிவுக்கும் தெரிவுகள் இருக்கு. ஒன்றும் செய்யாமல் விட்டால் வீடியோ கடைசிக் காட்சியில் நிற்கும். 'ரீவைண்ட்' போட்டால் முடிஞ்சதும் முதல் காட்சிக்குத் திரும்பும். 'லூப்' போட்டால் நிப்பாட்டும் வரைக்கும் சுத்திக்கொண்டே இருக்கும். வீடியோவின் தலையையும் வாலையும் வெட்டுகிற 'ட்ரிம்' வசதியும் அங்கேயே இருக்கு. இணையத்தில் இருந்து எடுத்த பாட்டு வீடியோ என்றால் கடைசியில் "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று ஒரு துண்டு இருக்கும். நன்றிப் பாட்டின் கடைசி வரியோடு அது வராமல் இருக்க முதலே வெட்டிவிட வேணும். ஸ்லைடு ஓடும்போது பி எழுத்தைத் தட்டினால் ஸ்கிரீன் கறுப்பாகும், டபிள்யூ தட்டினால் வெள்ளை. எங்கள் டீமில் சேர்கிற ஆளுக்கு முதலில் பழக்குகிறது இந்த பி எழுத்தைத்தான். மௌனத்துக்கு ஒரு பட்டன் இருக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேணும்.

விஎல்சி பிளேயர் எல்லார் லெப்டொப்பிலும் இருக்கும். பிரான்ஸில் பொறியியல் மாணவர்கள் 1996இல் தொடங்கின திட்டத்தில் இருந்து வளர்ந்தது, இலவசம். ஆனால் அதன் பழக்கங்கள் வீட்டுப் பழக்கங்கள். சும்மா விட்டால் வீடியோ தொடங்கும்போது அதன் பெயரை எழுத்தில் காட்டும். முடிஞ்சதும் முழுத்திரையை விட்டு வெளியே வந்து, வீதியில் வைக்கிற செம்மஞ்சள் கூம்புச் சின்னத்தைக் காட்டும். சிலுவைக்குப் பிறகு கூம்பு வேண்டாம் என்றால் அமைப்புகளுக்குள் போய், பெயரைக் காட்டுகிற டிக்கை எடுத்துவிட்டு, கடைசிக் காட்சியில் நிற்கச் சொல்கிற டிக்கைப் போட வேணும். இரண்டு டிக், ஒரு தரம் செய்தால் போதும்.

கோயில்களுக்கென்றே செய்த மென்பொருட்களும் இருக்கு. ஓபன்எல்பி இலவசமானது, விண்டோஸ், மெக், லினக்ஸ் எல்லாத்திலும் ஓடும். இடப்பக்கம் நாங்கள் மட்டும் முன்னோட்டம் பார்க்கலாம், சனத்துக்குப் போவது வேறு. பாட்டு வரிகளை இத்தனை நொடிக்கு ஒரு தரம் என்று தானாக மாற வைக்கலாம், கடைசி வரைக்கும் ஒரு தரம் ஓடி நிற்கவும் வைக்கலாம், சுத்திச் சுத்தி வரவும் வைக்கலாம். புரொபிரசென்டர் காசு கொடுத்து வாங்குவது. அதில் 'ஸ்டொப்', 'லூப்' இரண்டுக்கும் நடுவில் 'சொஃப்ட் லூப்' என்று ஒன்று இருக்கு. வீடியோவின் முடிவும் தொடக்கமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும், எங்கே முடிஞ்சது என்றே தெரியாது. பின்னணியில் கடலோ மெழுகுதிரியோ ஆடுகிற காட்சிக்கு அது சரி. சொல்ல வந்தது ஏதாவது இருக்கிற வீடியோவுக்குச் சரிவராது. சொன்னது எங்கே முடிஞ்சது என்று சனத்துக்குத் தெரிய வேணும்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது: பூசைக்கு முன்னால் அறிவித்தல்கள் லூப்பில் ஓடலாம். பூசை தொடங்கினால் லூப் இல்லை, தானாக மாறுவதும் இல்லை. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விரல் வேணும்.

*

இவ்வளவும் எங்களுக்குள் சண்டை இல்லாமல் முடிஞ்சது. சண்டை வந்தது பாட்டில்.

கீபோட் வாசிச்ச அண்ணாவும் இத்தாலிக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஆள் இல்லை. பாடகர் குழுவில் ஒரு அக்கா மைனஸ் வன் ட்ரக்குகள் கொண்டுவந்தார். இசை மட்டும் இருக்கும், குரல் நாங்கள் போட வேணும். நல்ல யோசனைதான். இளைஞர் பாட்டுகளுக்கு அப்படியே பொருந்தினது. வரிகளையும் ட்ரக்கோடு நேரம் பார்த்துக் கட்டிவிட்டால், ஒரு தரம் பிளே தட்டினால் போதும், எல்லாம் தானாகப் போகும். டீமில் இரண்டு பேர் அதற்கு முழு ஆதரவு.

பின்வாங்கில் இருக்கிற ஆச்சிமார் பாடுவதை நிப்பாட்டிவிட்டார்கள். யாரும் முறைப்பாடு சொல்லவில்லை, வாய் அசையவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது ஞாயிறு ஒரு ஆச்சியிடம் கேட்டோம். "மகன், பாட்டு முன்னுக்கு ஓடுது, நாங்க பின்னால ஓட வேண்டிக்கிடக்கு. ஓடி ஓடிச் செபிக்கேலுமா?" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

அவர்களின் பாட்டு முறை வேறு. ஒரு வரியின் கடைசியில் இழுத்து நிற்பார்கள், ஒரு ஆளின் மூச்சு முடியும்போது மற்ற ஆள் தொடங்குவார். இளைஞர் அரை நிமிசத்தில் முடிக்கிற சரணம் அவர்களுக்கு ஒரு நிமிசம் எடுக்கும். ட்ரக் அதற்குக் காத்திருக்காது. ட்ரக்குக்கு யாருடைய மூச்சும் தெரியாது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடினோம். ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கரையில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. குருமார் ஒளிஞ்சு வந்து ஒளிஞ்சு போவார்கள். மாதக்கணக்கில் பாதர் இல்லாத ஊர்களில் செபத்தை நடத்தினது அண்ணாவியார்மார். அவர் ஒரு வரி சொல்வார், சனம் திருப்பிச் சொல்லும். அந்தக் காலத்தில் கோவாவில் இருந்து 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களம், தமிழ் இரண்டிலும் நூல்கள் எழுதினார். தமிழில் அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றைக்கும் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. சிங்களத்தில் பசன் வாசிப்பு. 1742இல் இறந்தார், எங்கள் மாவட்டத்தில் இருக்கிற போலவத்தையில் அடக்கம் செய்யப்பட்டார். அச்சும் இல்லாமல், பாதரும் இல்லாமல், ஒரு சமயம் வாயிலிருந்து வாய்க்குப் போய்த் தப்பியிருக்கு. இழுத்துப் பாடினால் பக்கத்து ஆளுக்கு வரி கேட்கும், மறந்தவர் பிடித்துக்கொள்ளலாம். அந்த மெதுவுக்கு ஒரு வேலை இருந்தது.

இப்போது அந்த மெதுவில் இன்னொரு விசயமும் தொங்கிக்கொண்டிருக்கு. அது தமிழ்.

எங்கள் கரையின் கதை இதை வாசிக்கிற பலருக்குத் தெரிந்திருக்கும். சிலாபம் மறைமாவட்டம் 1939இல் உருவானது. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை முன்னின்று, கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் கற்பித்தல் மொழியைத் தமிழில் இருந்து சிங்களத்துக்கு மாற்றினார். இரண்டு தலைமுறைக்குள் வீட்டு மொழியும் மாறினது. உடப்பு மாதிரிச் சில ஊர்களில் பள்ளிக்கூடம் தமிழிலேயே நின்றது, ஊரும் தமிழில் நின்றது. எங்கள் ஊர் நடுவில் மாட்டின ஊர். ஆச்சிமார் தமிழில் செபிப்பார்கள், பேரப்பிள்ளைகளிடம் சிங்களத்தில் கதைப்பார்கள். எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் தமிழ் சரளமாக வாசிக்க வரும்.

அதனால் எங்கள் ஸ்கிரீனில் ஒரு விசித்திரம் பார்ப்பீர்கள். பெரிய வெள்ளிப் புலம்பலைத் தமிழில் பாடுவோம், வரிகள் தமிழ் எழுத்தில் மேலே இருக்கும், அதே தமிழ் வரி சிங்கள எழுத்தில் கீழே இருக்கும். மொழிபெயர்ப்பு இல்லை, ஒலிபெயர்ப்பு. எழுத்துத் தெரியாத சின்னவர்களும் வாயைத் திறக்கட்டும் என்று செய்தது. இப்படி இரண்டு வரி போட்டால் ஒரு ஸ்லைடில் பாதிச் சரணம்தான் பிடிக்கும். அப்படியென்றால் இரண்டு மடங்கு ஸ்லைடு, இரண்டு மடங்கு கிளிக். "நேரம் கட்டி விடுவோம், தானா மாறட்டும்" என்று டீமில் ஒருத்தன் சொன்னதற்கு இதுதான் காரணம், சோம்பல் இல்லை. ஆனால் தானாக மாறினால் ஆச்சிமார் பின்தங்குவார்கள். அவர்கள் பின்தங்கினால் சின்னவர்களுக்கு யாரைக் கேட்டுப் பாடுவது? அந்தப் புலம்பலுக்கு நொட்டேஷன் கிடையாது, யூடியூப்பிலும் கிடையாது. ஏழெட்டு ஆச்சிமாரின் தொண்டையில் மட்டும்தான் இருக்கு. போன வருசம் அதில் ஒரு தொண்டை குறைஞ்சது.

*

அந்த மரணத்துக்குப் பிறகுதான் ரெக்கோட் பண்ணுவோம் என்ற யோசனை வந்தது. எல்லாருக்கும் சம்மதம். ஆனால் ரெக்கோட் பண்ணி என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொன்னது: "நல்ல மைக் வச்சு எடுத்து, ஒவ்வொரு பெரிய வெள்ளியும் போடுவோம். ஆச்சிமார் இல்லாத காலத்திலயும் கோயிலுக்குள்ள அவங்கட குரல் கேக்கும்." கேட்கும்போது கண் கலங்கும், உண்மை. மற்றக் கட்சி சொன்னது: "முதல் வருசம் கண் கலங்கும். ரெண்டாம் வருசம் சனம் கேக்கும். மூணாம் வருசம் யாருக்கும் பாட வராது, ஏனெண்டா பிளே பண்ணினாக் காணுமே."

இதை கெம்பஸில் எங்கள் சிநேகிதர்களிடமும் கதைச்சோம். உடப்புத் தோழன் ஒருத்தன் இருக்கிறான். அவர்கள் ஊரில் திரௌபதை அம்மன் கோயில் ஆடித் திருவிழா பெரிய திருவிழா, தீமிதிப்பில் முடியும். அவன் சொன்னான்: "ஸ்பீக்கரில விடிய விடியப் பாட்டுப் போகும் மச்சான், அது லூப்தான். ஆனா பாரதம் படிக்கிறதுக்கு மனுசன் வேணும். அதைப் பென் டிரைவில போட்டா ஊர் ஒத்துக்கொள்ளாது." புத்தளம் டவுன் தோழி ஒருத்தி சொன்னது இன்னும் தெளிவு. பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கு, பயான் ரெக்கோட் பண்ணுகிறார்கள், போடுகிறார்கள். ஆனால் ரெக்கோட் பண்ணின பாங்கைப் போட்டுவிட்டால் பாங்கு சொன்னதாகாது என்பதுதான் மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. நேரம் வந்ததும் ஒரு ஆள் எழுந்து நின்று சொல்ல வேணும்.

கரையோரமாகப் பஸ்ஸில் போனால் கோயில், கோவில், பள்ளிவாசல் என்று மாறி மாறி வரும். மூன்று இடத்திலும் ஒலிபெருக்கி இருக்கு, மூன்று இடத்திலும் பிளே பட்டன் இருக்கு. மூன்று இடத்திலும் 'இதை மட்டும் பிளே பண்ணக்கூடாது' என்று ஏதோ ஒன்று இருக்கு. 1958இல் வத்திக்கான் போட்ட தடைக்குள் இருந்த நியாயமும் அதுதானே. அவர்கள் கருவியையே வெளியில் வைத்தார்கள். கருவி உள்ளே வந்த பிறகு அந்தக் கோட்டைக் கருவிக்குள்ளேயே நாங்கள்தான் கீற வேணும். எந்த மென்பொருளும் அதை எங்களுக்காகக் கீறித் தராது. அது எல்லாத்தையும் பிளே பண்ணத் தயாராகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஒரு சாட்சி ஏற்கெனவே கிடைச்சிருந்தது. 2022 தவக்காலம் நினைவிருக்கா? டீசல் இல்லை, கேஸ் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரச் சிலுவைப் பாதைக்கு புரொஜெக்டரும் இல்லை, மைக்கும் இல்லை. ஜெனரேட்டர் இருந்தும் எரிபொருள் இல்லை. நாங்கள் அப்போது ஏலெவல் வயது, பாட்டுப் புத்தகம் பார்த்துப் பழகாத பிள்ளைகள். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆச்சிமார் ஒரு வரி எடுத்தார்கள், கோயில் திருப்பிச் சொன்னது. அண்ணாவியார் காலத்து முறை, ஒரு வாரமும் ஒத்திகை இல்லாமல் திரும்ப வந்தது. கரண்ட் வந்த பிறகு அதை மறந்துவிட்டோம்.

*

கடைசியில் இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஏற்பாடு இதுதான். புலம்பலை ரெக்கோட் பண்ணுவோம். ஆனால் அது பழகுவதற்கு, வழிபாட்டுக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், காற்று விழுந்த நேரம் பார்த்து, கோயிலுக்குள் ஆச்சிமாரை உட்கார வைச்சு எடுத்தோம். அவர்கள் அவசரப்படவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை. நடுவில் ஒருத்தர் வரி மறந்து மற்றவரைப் பார்த்து, இருவரும் சிரிச்சு, திரும்பத் தொடங்கினதும் அதில் இருக்கு. வெட்டவில்லை.

பூசைக்குள் தடுத்த தெரிவுகள் எல்லாம் பயிற்சிக்கு உயிராகின. விஎல்சியில் ஒரு வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அந்தத் துண்டு மட்டும் சுத்திச் சுத்தி ஓடும். இழுக்கிற இடம் விளங்காவிட்டால் வேகத்தைக் குறைச்சுக் கேட்கலாம், குரலின் சுதி மாறாது. ஞாயிறு மறைக்கல்வி முடிஞ்ச பிறகு சின்னவர்களை இருத்தி, ஒரு வாரத்துக்கு இரண்டு வரி. சிங்கள எழுத்தில் வாசித்துத் தொடங்கின ஒரு பிள்ளை, மூன்றாம் வாரம் மேலே இருக்கிற தமிழ் எழுத்தைக் காட்டி, "இது 'ம' தானே அக்கா?" என்று கேட்டாள். நாங்கள் தமிழ் வகுப்பு எடுக்கவில்லை. ஸ்லைடு மாறாமல் நின்றதால் அவளுக்குப் பார்க்க நேரம் கிடைச்சிருக்கு.

பெரிய வெள்ளிக்கு ட்ரக் இல்லை, நேரம் கட்டின ஸ்லைடு இல்லை. எங்களில் ஒருத்தி லெப்டொப்பில் இருப்பாள், அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி. ஆச்சியின் மூச்சைப் பார்த்துத்தான் அடுத்த கிளிக். கடைசிச் சரணம் முடிஞ்சதும் பி எழுத்து. ஸ்கிரீன் கறுப்பு. எவ்வளவு நேரம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாராவது எழும்பும் வரைக்கும்.

இளைஞர் பூசைக்கு ட்ரக் இன்னும் ஓடுகிறது. அந்த அக்கா நல்லாத்தான் பாடுகிறார், எங்களுக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும். எல்லாத்தையும் கையால்தான் செய்ய வேணும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உங்கள் இடத்தில் ஸ்கிரீன் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு தரம் அந்தப் பிளேபக் பட்டியைத் திறந்து பாருங்கள். எது தானாக ஓடலாம், எது ஒரு ஆளுக்காகக் காத்து நிற்க வேணும் என்று டீமோடு உட்கார்ந்து கதையுங்கள். முடிஞ்சால் பின்வாங்கில் இருக்கிறவர்களில் ஒருத்தரையும் அந்தக் கதைக்குக் கூப்பிடுங்கள்.

புலம்பல் ஒலிப்பதிவு இப்போது பதினொரு பேரின் போனில் இருக்கு. அதில் ஏழு பேர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே, அம்மாமாரின் போனில் கேட்கிறவர்கள். இந்தப் பெரிய வெள்ளி அதை யாரும் பிளே பண்ணவில்லை. தேவைப்படவில்லை.